பழைய பார்ட்டைக் கையோடு கொண்டு வரவும்

ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' படித்தவர்களில் இரண்டு ஜாதி. நூறு பக்கத்தோடு நிறுத்திவிட்டு, 'பிரமாதமான புக் சார்' என்பவர்கள். கடைசி வரை படித்துவிட்டு, அதைப் பற்றிப் பேச்செடுத்தால் சட்டென்று மௌனமாகிவிடுபவர்கள். 121 பதிப்பாளர்கள் வேண்டாம் என்று சொல்லி, 1974-ல் ஒருவழியாக வெளியாகி, லட்சக்கணக்கில் விற்றது. இதில் ஸென்னும் கொஞ்சம்தான், மோட்டார் சைக்கிளும் கொஞ்சம்தான் என்று ஆசிரியரே முன்கூட்டி எச்சரித்துவிடுகிறார்.

1968-ல் ஓர் அப்பாவும் பதினோரு வயசுப் பையனும் மின்னிசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ஒரே பைக்கில் போகிறார்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே மனநிலை பாதித்து, மூளைக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன்பு தனக்குள் இருந்த மனிதனை அவர் ஏதோ வேற்று ஆள் போல 'ஃபீட்ரஸ்' என்று குறிப்பிடுகிறார். ஃபீட்ரஸைப் பைத்தியமாக அடித்த கேள்வி, 'குவாலிட்டி என்றால் என்ன?' வழியெல்லாம் இதற்குத்தான் விடை தேடுகிறார்.

பிளேட்டோ, அரிஸ்டாட்டில், கான்ட் பற்றியெல்லாம் அவர் சொல்வதைப் புரொஃபஸர்கள் அலசிவிட்டார்கள். நான் பேச விரும்புவது, புத்தகத்தின் பிற்பாதியில் எல்லோரும் வேகமாகப் புரட்டிவிடும் ஒன்றிரண்டு பக்கங்களை. ஸ்பேர் பார்ட்ஸ் பற்றியவை.

ரிப்பேர் செய்கிறவனின் ஊக்கத்தை உறிஞ்சிவிடும் பொறிகள் என்று பிர்ஸிக் ஒரு பட்டியல் போடுகிறார். அதில் ஒன்று பார்ட் கிடைக்காமை. டீலர் சரக்கைக் குறைவாகத்தான் வைத்திருப்பான். கம்பெனி வண்டியைப் போட்டி விலைக்கு விற்றுவிட்டு, பார்ட்டில் தீட்டிவிடும். வாங்கி வந்தால் பொருந்தாது. இதற்கு அவர் சொல்லும் வைத்தியம்: கவுன்ட்டரில் இருக்கும் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குச் சிநேகம் பிடியுங்கள், செயினை பைக் கடையில் வாங்காமல் செயின் தயாரிப்பவரிடமே வாங்குங்கள், பழைய பார்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

மேற்கண்ட வாசகங்களைத் தமிழில் பெயிண்ட் அடித்து சென்னை ஜி.பி. ரோடு முனையிலோ புதுப்பேட்டையிலோ மாட்டினால் யாருக்கும் வித்தியாசமே தெரியாது.

ஒரு யெஸ்டி ரோட்கிங் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. 2022-ல் அதே பேரில் புது வண்டி வந்தது உண்மைதான். ஆனால் பழசு டூ ஸ்ட்ரோக். புதுசு ஃபோர் ஸ்ட்ரோக், லிக்விட் கூலிங். டாங்கில் உள்ள பேரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஷோரூமில் விசாரித்தால் ஒரு புன்னகை கிடைக்கும், பார்ட் கிடைக்காது.

உங்களுக்குத் தேவை ஒரு ரப்பர் வளையம்தான். கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்து முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கே அமுக்கப்பட்டு, பிறகுதான் சிலிண்டருக்கு ஏறும். கிராங்கின் இரு முனையிலும் காவல் நிற்பது இந்த சீல். ஒரு பக்கம் தேய்ந்தால் வெளிக்காற்று புகுந்து, கலவை நீர்த்து, சூடேறி, பிஸ்டன் ஜாம் ஆகும். மறு பக்கம் தேய்ந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிக்கொண்டு, கொசு மருந்து வண்டி போல வெள்ளைப் புகை விடும்.

"இன்னா வண்டி சார்?"

"யெஸ்டி."

"கிளாசிக்கா, ரோட்கிங்கா?"

"ரோட்கிங்."

"பழசு கொண்டாந்தீங்களா?"

பார்த்தீர்களா, அப்படியே பிர்ஸிக்!

கொண்டுபோயிருந்தால் உங்கள் காரியம் பாதி முடிந்தது. சீலின் விளிம்பில் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்று மூன்று எண்கள் இருக்கும். கடைக்காரர் துடைத்துப் பார்த்து, அதே அளவில் ஏதோ ஒரு பம்ப்புக்கான சீலை எடுத்துக் கொடுப்பார். பேரிங்கும் அப்படியே. 6204 என்று இருந்தால் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. பைக்குக்கா, மோட்டாருக்கா என்ற பேதம் அதற்குக் கிடையாது. பிஸ்டன் ஓவர்சைஸில் கிடைக்கவில்லையென்றால் சிலிண்டருக்கு லைனர் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடலாம். புஷ் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து கொடுப்பார்கள்.

இப்போது குவாலிட்டிக்கு வருவோம். அதே கடையில் அலமாரியின் மேல்தட்டில், கம்பெனி டப்பாவைப் பிரிக்காத அசல் யெஸ்டி சீல் ஒன்று இருக்கலாம். 'ஒரிஜினல் சார், இனிமே வராது' என்பார். விலை நாலு மடங்கு. ஆனால் ரப்பருக்கு வயசு உண்டு. முப்பது வருஷம் டப்பாவுக்குள் தூங்கியது மாட்டின மறு வாரமே வெடித்துவிடக்கூடும். அப்படியானால் குவாலிட்டி எதில் இருக்கிறது? லேபிளில் இல்லை. அளவில் மட்டும் என்றால், அதே அளவில் மட்ட ரப்பரில் செய்த டூப்ளிகேட்டும் உண்டே. விரலால் வளைத்துப் பார்த்து, 'அந்த ஒரிஜினல் வேணாம் சார், இதைப் போடுங்க' என்று தன் லாபத்தைக் குறைத்துக்கொண்டு சொல்கிறாரே ஒருவர், அந்தச் சிபாரிசில் இருக்கிறது.

இது பிர்ஸிக்குக்குத் தெரியாததல்ல. புத்தகத்திலேயே தமாஷான இடம் ஒன்று உண்டு. நண்பர் ஜானின் விலை உயர்ந்த பிஎம்டபிள்யூவில் ஹாண்டில்பார் நழுவுகிறது. பீர் டின்னிலிருந்து ஒரு துண்டு அலுமினியத் தகடு வெட்டிச் செருகினால் போதும் என்கிறார் இவர். ஜானுக்குக் கோபம் வந்துவிடுகிறது. பிஎம்டபிள்யூவுக்கு பீர் டின்னா! ஜெர்மன் பட்டறையில் செய்த ஸ்பெஷல் தகடு என்று புளுகியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பான் என்று பிற்பாடு இவருக்குத் தோன்றுகிறது. நம் கடைகளில் அந்தப் புளுகு தினசரி சொல்லப்படுகிறது. 'ஜெர்மன் மால் சார்!'

இவ்வளவு தெரிந்தவர், அந்த பார்ட்ஸ் பக்கத்தை எப்படி முடிக்கிறார்? கவுன்ட்டர் ஆளோடு சிநேகம் பிடி என்று ஆரம்பித்தவர், எரிச்சல் தாங்கவில்லையென்றால் நீயே லேத் வாங்கிக் கடைந்துகொள் என்கிறார். அவரிடம் சொந்தமாகச் சின்ன லேத்தும் வெல்டிங் சாமான்களும் இருக்கின்றன. கடைக்காரர், டர்னர், எல்லோரும் காணாமல் போய்விடுகிறார்கள். மனிதனும் உலோகமும் மட்டும் மிச்சம்.

எனக்கு இந்தப் புத்தகத்தோடு உள்ள பிணக்கு இங்கேதான். முதல் அத்தியாயங்களில் ஒரு சம்பவம். இன்ஜின் ஜாம் ஆகி வொர்க்ஷாப்பில் விடுகிறார். ரேடியோவை அலற விட்டுக்கொண்டு வேலை பார்க்கும் இளவட்டங்கள், உளியும் சுத்தியலுமாக ஃபின்களை உடைத்துத் தருகிறார்கள். உண்மைக் காரணம் ஆயில் போகும் வழியில் முறிந்த ஒரு பின். இருபத்தைந்து காசு சமாசாரம். தங்கள் வேலையையே வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று அவர்களைச் சரியாகவே கணிக்கிறார். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்துக்கொள்ளும் பாடம், இனிமேல் எல்லாவற்றையும் நானே செய்துகொள்வேன். நல்ல மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பேன் என்பது இல்லை.

தெருவை நான் ரொமான்டிக்காகப் பார்க்கவில்லை. அங்கே ஏமாற்று உண்டு, பில் இல்லாத சரக்கு உண்டு, எங்கிருந்து கழற்றியது என்று கேட்கக்கூடாத பார்ட்டும் உண்டு. ஆனாலும் பழைய வண்டியை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: உங்கள் வண்டி ஓடுவது நாலைந்து மனுஷர்களின் ஞாபகத்தில். எந்த வண்டியின் எந்த பார்ட் எதற்குச் சேரும் என்பது எந்த கேட்லாகிலும் இல்லை. அவர்கள் தலைக்குள் இருக்கிறது. பார்ட் தேடுவது என்பது அந்த ஆட்களைத் தேடுவது. இது பிர்ஸிக்கின் குவாலிட்டி தத்துவத்தில் விட்டுப்போன அத்தியாயம்.

அதனால்தான் அந்தப் பையன் கிறிஸ் விஷயத்திலும் இடிக்கிறது. டாப்பெட் சத்தத்தில் மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற அப்பாவுக்குப் பின் சீட்டில் இருக்கிறவன் அழுவது சரியாகக் கேட்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, அப்பாவின் தோளுக்கு மேலாகப் பையன் முதல் தடவையாகச் சாலையைப் பார்க்கிறான். அதுவரை அவன் பார்த்ததெல்லாம் அப்பாவின் முதுகு. புத்தகத்தின் மிகச் சிறந்த இடம் இதுதான். தத்துவத்துக்கு இதில் பங்கு குறைவு.

கிறிஸ் 1979-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வழிப்பறிக்காரர்களால் கொல்லப்பட்டான். 1984-ல் பிர்ஸிக் ஒரு பின்னுரை சேர்த்தார். பையன் எங்கே போனான் என்று அதில் தேடுகிறார். நான் இழந்தது ஒரு பொருளை அல்ல, எங்கள் இருவரையும் விடப் பெரியதாக, எங்களைப் பிணைத்திருந்த ஓர் அமைப்பில் ஒரு பகுதியை என்கிற முடிவுக்கு வருகிறார். லேத்தில் கடைந்துகொள்ள முடியாத ஒன்றைப் பற்றி எழுதும்போதுதான் மற்ற மனிதர்கள் அவர் தத்துவத்துக்குள் வருகிறார்கள். சில பக்கங்கள்தான். மொத்தப் புத்தகத்தையும் அவை திருத்தி எழுதிவிடுகின்றன.

பிர்ஸிக் 2017-ல் இறந்தார். புத்தகத்தில் பேர் சொல்லாமல் வரும் அந்த பைக், 1966 மாடல் ஹோண்டா சூப்பர் ஹாக், இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் மியூசியத்தில். இனி அதற்கு பார்ட் தேட வேண்டிய அவசியம் இல்லை. நமக்குத்தான் இனிமேல் கஷ்டம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் சென்சாரும் சர்க்யூட்டும் நிறைய. பழசாகும்போது அவற்றை எந்தப் பட்டறையிலும் கடைய முடியாது. பழுது பார்க்கும் உரிமை பற்றி யோசிக்க மத்திய அரசு 2022-ல் போட்ட கமிட்டியின் பட்டியலில் மோட்டார் வாகனங்களும் இருந்தன. பைக் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

புத்தகத்தைப் படியுங்கள். அரிஸ்டாட்டில் வரும் பக்கங்களில் கண் சொருகினால் தப்பில்லை, தாண்டிவிடலாம். பார்ட்ஸ் பக்கத்தையும் பின்னுரையையும் மட்டும் தாண்டாதீர்கள். பின்னுரை இல்லாத பழைய பதிப்பு கிடைத்தால் வாங்காதீர்கள், எவ்வளவுதான் 'ஒரிஜினல்' என்றாலும்.