காரைக் களியில் ஒரு கணவாய்

தூத்துக்குடியிலே சங்கையும் முத்துச் சிப்பியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குக்கூடச் சட்டென்று பிடிபடாத ஒரு வஸ்து, கடலை விட்டு வெகுதூரம் உள்ளே, பெரம்பலூர்ச் சீமையின் காரை என்னும் ஊருக்கருகே, ஏடு ஏடாக உதிரும் களிப்பாறைச் சரிவுகளில் அகப்படுகிறது. விரல் போன்ற உருவம், பழுப்பு நிறம், ஒரு முனை மட்டும் கூர்மை.

அதை இன்னதென்று நிர்ணயிக்கும் வித்தை ரசிக்கத் தக்கது. குறுக்கே முறிந்த துண்டொன்றை நனைத்து வெயிலில் பிடித்தால், நடுவிலிருந்து நாலாபுறமும் விரியும் நுண்ணிய இழைகளும், அவற்றை வெட்டிச் செல்லும் வளர்ச்சி வளையங்களும் புலப்படும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், ஆகவே சுண்ணாம்புப் பொருள். பருத்த முனை சிதையாதிருந்தால் அதில் கூம்பு வடிவக் குழி இருக்கும். இம்மூன்று லக்ஷணங்களும் கூடினால் அது பெலம்னைட்; சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேஷியஸ் யுகத்தில், இவ்விடத்தை மூடியிருந்த சமுத்திரத்தில் நீந்திய, கணவாயின் தூரபந்துவான பிராணியொன்றின் உள்ளோடு.

இத்தென்னாட்டுப் பெலம்னைட்டுகளை புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1861இல் 'பேலியண்டாலஜியா இண்டிகா' என்னும் நூல்வரிசையில் விவரித்தார்; அவற்றின் உறவான, சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளைப் பின்னர் ஸ்டோலிச்கா என்பவர் எடுத்துக்கொண்டார். நூல்கள் இனத்தின் பெயரைத் தரும். ஆனால் ஓடு உடலுக்குள்ளேயும் வளரும் என்பதை, ஓட்டுக் கணவாயை அறுத்து வெள்ளை ஓட்டை உருவியெறியும் நம் கரையோரப் பெண்மணி எந்த நூலும் படியாமலே அறிவாள். விஞ்ஞானியின் நிர்ணயமும், இறந்ததை உயிருள்ளதோடு ஒப்பிடும் அந்த அறிவின் மேல்தான் நிற்கிறது.