96 ஆடும் 60 லட்சம் டாலரும்

அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிற ஊர். பௌர்ணமி இரவில் இந்தப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும்: 14 கிலோமீட்டர் சுற்றில் யாராவது ஒருவர் சாதமோ மோரோ நீட்டிக்கொண்டுதான் இருப்பார். விண்ணப்பம் கிடையாது, ரசீதும் கிடையாது. திருவண்ணாமலையில் அரசுக் கல்லூரியும் இருக்கிறது. அதற்கோ, அது இணைந்திருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கோ இப்படி யாரும் நீட்டுவதாகத் தெரியவில்லை. "நம்ம ஆளுங்க கோயிலுக்குக் கொடுப்பாங்க, படிப்புக்குக் கொடுக்க மாட்டாங்க" என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். இந்த விளக்கம் தவறு என்று நினைக்கிறேன்.

தவறு என்பதற்குச் சாட்சி ஹார்வர்டு தமிழ் இருக்கை. மருத்துவர்கள் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கிவைத்தார்கள். தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் சின்னச் சின்னத் தொகைகள் வந்தன. 2017-ல் தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018 மார்ச்சில் இலக்கு நிறைந்தது. கனடாவிலும் இதே கதைதான். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் கனடிய டாலர் 2021-ல் சேர்ந்தது.

அப்போது ஒரு விமர்சனம் எழுந்தது. 3,700 கோடி டாலருக்கும் மேல் நிதி வைத்திருந்த ஹார்வர்டுக்கு நம் காசு எதற்கு? இங்கே தமிழ்த் துறைகளில் பேராசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றனவே? நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அதற்குப் பதிலாக வந்தவை இரண்டும் மேலோட்டமானவை. ஒன்று, வெளிநாட்டு மோகம். இன்னொன்று, பெயருக்கு ஆசை. பெயர் ஆசை என்றால் அந்த இருக்கையைப் பாருங்கள். அது கொடுத்தவர் யார் பெயரிலும் இல்லை, 'சங்கப் பேராசிரியர்' என்றுதான் அழைக்கப்படுகிறது. ஆளை நியமிப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை, கொடுத்தவர்களுக்கு அதில் கை கிடையாது. பிறகு ஏன் கொடுத்தார்கள்?

இதற்கான பதில் நம் கோயில் சுவர்களிலேயே இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வருவது நந்தா விளக்குக் கொடை. ஒரு விளக்கு அணையாமல் எரிய வழக்கமாக 96 ஆடு கொடுப்பார்கள். அவற்றை ஒரு இடையர் பொறுப்பேற்று, தினமும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டிகளும் மிச்சப் பாலும் அவருக்கு. கணக்கில் ஆடு மட்டும் எப்போதும் 96. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டு சொல்வது இதைத்தான். ஆடு சாகும், கிழடாகும், ஆனால் மந்தை குறையக் கூடாது. கொடையின் முடிவில் 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்று வரும். அதாவது இதைக் காப்பது அடியார் கூட்டத்தின் பொறுப்பு. எல்லாமே ஊர் பார்க்கும் கல்லில்.

இதில் மூன்று உறுதிமொழிகள் இருக்கின்றன: முதல் கரையாது, காவலுக்கு ஆள் உண்டு, கணக்கு எல்லோர் கண்ணிலும் படும்.

ஹார்வர்டு தந்ததும் ஏறக்குறைய இதேதான். 60 லட்சம் டாலரை அவர்கள் செலவழிப்பதில்லை. இத்தகைய நிதிகளிலிருந்து வருடத்துக்கு 4 முதல் 5 சதவீதம் எடுப்பது வழக்கம். அந்த விகிதத்தில் 2.4 முதல் 3 லட்சம் டாலர் வரும். முதல் அப்படியே நிற்கும். கொடுத்தவரின் பேரன் போய்ப் பார்த்தாலும் இருக்கை இருக்கும் என்ற நம்பிக்கைக்குத்தான் காசு வந்தது.

நம் பல்கலைக்கழகங்களிலும் அறக்கட்டளைகள் உண்டு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஐம்பது வருடம் முன்பு ஒருவர் அப்பா பெயரில் சொற்பொழிவு நடத்த 10,000 ரூபாய் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்று அது பெரிய தொகை. 8 சதவீத வட்டி என்றாலும் இன்றைக்கு வருடம் 800 ரூபாய். பேச வருபவரின் வண்டிச் செலவுக்குக்கூடப் பத்தாது. விளக்குக் கொடை எழுதியவர்கள் இந்த இடத்தில் கெட்டிக்காரர்கள். அவர்கள் காசைச் சொல்லவில்லை, நெய்யைச் சொன்னார்கள். விலைவாசி ஏறினாலும் உழக்கு உழக்குதான்.

நம் ஊரில் கொடுத்தவர்களே இல்லை என்பதும் சரியில்லை. விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 340 மாணவர்களுக்குச் சோறும் ஆசிரியர்களுக்கு ஊதியமும் ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. அது வேதக் கல்வி, எல்லோருக்கும் கதவு திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் காலத்தில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு இழுத்து வந்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அரசின் கையை அசைக்கத் தனியார் கொடை ஒரு நெம்புகோல் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் காவல் இல்லாத கொடை என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. அண்ணாமலைச் செட்டியார் தன் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயும் கொடுத்ததில் 1929-ல் பிறந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இணைவேந்தர் பதவி குடும்பத்திலேயே இருந்தது. கொடுத்தவரும் காப்பவரும் ஒரே வீடு, கேள்வி கேட்க வெளியாள் இல்லை. அளவுக்கு மீறிய பணியாளர்கள், சம்பளத்துக்கே தட்டுப்பாடு என்று போய், 2013-ல் அரசு தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. அரசு கையில் இருந்தால் மட்டும் சரியாகிவிடுமா என்றால், 2024-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியதையும் பார்த்தோம். இதைச் செய்தித்தாளில் படித்த பழைய மாணவரிடம் போய் "உங்கள் கல்லூரிக்குக் கொடுங்கள்" என்றால் என்ன சொல்வார்?

இங்கேதான் ஊர் அமைப்புகளின் இடம் வருகிறது. டொராண்டோ இருக்கைக்குக் கனடியத் தமிழர் பேரவை போன்ற அமைப்புகள் துணைநின்றது வசூலுக்காக மட்டும் இல்லை. கொடுப்பவர் பல்கலைக்கழகத்தை அறியமாட்டார், அந்த அமைப்பை அறிவார். ஏதாவது பிசகினால் கேட்க ஒரு ஆள் இருக்கிறது. பழைய 'ரக்ஷை' செய்த வேலையும் இதுதான்.

காவல் தேய்ந்தபோது பல விளக்குகள் அணைந்தும் போயின. கல்வெட்டு இன்னும் நிற்கிறது, நெய் வருவதில்லை. அதனால் கல்லில் எழுதினாலே போதும் என்று சொல்லவில்லை. அன்னதானத்தில் கொடுத்த சோறு கண் முன்னாலேயே சாப்பிடப்படுகிறது, அதற்குக் காவல் தேவையில்லை. பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது முப்பது வருடம் கழித்துப் பலன் தருவது. ஆகவே கொடை கேட்கும் துணைவேந்தர்கள் கையேடு அச்சடிப்பதற்கு முன்னால், ஏற்கெனவே வாங்கிய அறக்கட்டளைகள் எத்தனை, முதல் எவ்வளவு, போன வருடம் அதில் என்ன நடந்தது என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டட்டும். அதில் பழைய 10,000 ரூபாயும் இருக்கட்டும்.