ஓட்டிப் போவதா, ஏற்றிப் போவதா? நாஞ்சில் நாட்டிலும் இலங்கையிலும் பழைய கார்ப் பயணம்

நாகர்கோவிலில் இருந்து சென்னைக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்குச் சுமார் 450. 1960-களின் அம்பாசிடரையோ ஃபியட் 1100-ஐயோ பேணிவரும் நாஞ்சில் நாட்டுக்காரருக்குப் பழங்கார்க் கண்காட்சிக்கு அழைப்பு வந்தால், உடனே எழும் கேள்வி வண்டியை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதுதான். டிரெய்லர் வாங்கிப் பின்னால் கோத்து இழுப்பதா, ரெக்கவரி வண்டியில் ஏற்றுவதா, துணிந்து ஓட்டியே போய்விடுவதா? கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மோரிஸ் மைனர்க்காரரிடம் இதையே கேட்டால் வேறு பதில் வரும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் ஊருக்கு எது பொருந்தும் என்பது விளங்கும்.

முதலில் இலங்கை. அங்கே பழைய கார் பல வீடுகளில் அன்றாட உழைப்பாளியாகவே இருந்துவந்திருக்கிறது. மோரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்றவை யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்களாகவே பல்லாண்டு ஓடின. 1990-களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதாகிப்போன காலத்தில், சில துளி பெட்ரோலில் எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிபாகம் கிடைக்காத ஊரில் காரை நிறுத்தாமல் ஓடவைத்த மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் அப்படி ஒரு தலைமுறையாகவே உருவானார்கள். பின்னர், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருக்கிற வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பதன் அருமை நாடு முழுவதும் உணரப்பட்டது.

இத்தோடு நிலப்பரப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை இலங்கையின் முழு நீளமே நேர்கோட்டில் ஏறக்குறைய 435 கிலோமீட்டர். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் சாலைவழியே சுமார் 400. நுவரெலியா 160 முதல் 180. அதிகாலையில் புறப்பட்டால் பகலுக்குள் சேர்ந்துவிடலாம். ஆகவே பழங்கார்க் கிளப்புகளின் ஓட்டங்களுக்குக் காரை ஓட்டியே வருவது அங்கே இயல்பு. கடினம் தூரத்தில் இல்லை, ஏற்றத்தில்தான் இருக்கிறது. கடுகண்ணாவைக் கணவாயும் ரம்பொடை வளைவுகளும் ரேடியேட்டரையும் டிரம் பிரேக்கையும் சோதித்துவிடும். நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1,800 மீட்டருக்கும் மேலே. 1934-இல் தொடங்கிய மஹாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் அந்த ஊரில்தான் நடக்கிறது. அதற்கான பந்தய வண்டியைச் சாலையில் ஓட்டி வீணாக்க யாரும் விரும்பமாட்டார்கள். அப்போது 'கரியர்' வருகிறது. இசுஸு எல்ஃப், மிட்சுபிஷி கேன்டர் போன்ற ஜப்பானிய இலகு லாரிகளின் முதுகில் சாய்தளம் பொருத்திய வண்டி அது. டபுள் கேப் பிக்கப்புகள் நிறைந்த நாடாக இருந்தும், அவற்றின் பின்னால் கார் டிரெய்லரைக் கோத்து இழுப்பது அங்கும் அரிது. ஓட முடிந்தால் ஓட்டு, முடியாவிட்டால் கரியரில் ஏற்று என்பதே இலங்கை வழக்கம்.

இந்தியாவில் கணக்கு மாறுகிறது. முதல் காரணம் தூரம். இரண்டாவது சட்டம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம், 50 ஆண்டைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவெண் தருகிறது. மாநில எழுத்துகளை அடுத்து 'விஏ' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்தாண்டுச் செல்லுபடி. இந்தப் பதிவெண் பெற்ற காரை அன்றாடம் ஓட்ட முடியாது. வணிகத்துக்கும் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். விதி நல்ல நோக்கத்தோடு வந்தது. ஆனால் ஓட்டிப் பழகும் வாய்ப்பை அது குறைத்துவிடுகிறது. வருடத்தில் இரண்டு முறை மட்டும் உருளும் கார் 700 கிலோமீட்டரைத் தாங்கும் என்று நம்புவது கடினம். ஏற்றிச் செல்வதே வழக்கமாகிப்போனதில் இதற்கும் பங்குண்டு.

இனி டிரெய்லர். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து, ஒரு எஸ்யூவிக்குப் பின்னால் பழைய காரைப் பூட்டிக்கொண்டு போகும் ஆசை நம்மவர்களுக்கும் வருகிறது. அந்த ஆசையோடு ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். அம்பாசிடர் சுமார் 1,150 கிலோ. அதைத் தாங்கும் இரட்டை அச்சு டிரெய்லரின் சொந்த எடை 500 முதல் 700 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 1,700 கிலோவோ அதற்குமேலோ வருகிறது. இதில் பத்து முதல் பதினைந்து சதவீதம், அதாவது ஏறக்குறைய 170 கிலோவோ அதற்குமேலோ, இழுக்கும் வண்டியின் கொக்கிமீது செங்குத்தாக அழுத்த வேண்டும். குறைந்தால் டிரெய்லரின் வால் ஆட ஆரம்பிக்கும். கூடினால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரம் சாலைப்பிடிப்பை இழக்கும். காரை டிரெய்லரில் நான்கைந்து அங்குலம் முன்னே பின்னே நிறுத்துவதே இந்த அளவை மாற்றிவிடும்.

இழுவிசை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டீசல் எஞ்சினுக்கு இழுவிசைக் குறை கிடையாது. நிறுத்தும் திறன்தான் உயிரைக் காப்பது. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் பின்னால் வரும் 1,700 கிலோவையும் முன்னால் போகும் வண்டியின் பிரேக்கே தாங்க வேண்டும். இழுக்கும் வண்டி தனிச் சாசி கொண்டதாக, டிரெய்லரைவிடக் கனமாக இருக்க வேண்டும். அதன் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கான இழுவை எடை எண்ணாகவே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் இல்லாத வண்டியில் கொக்கியை வெல்டிங் செய்து மாட்டுவது ஆபத்து. சட்டத்தின் பக்கமும் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன் பின்புறத்தில் தெரிய வேண்டும். லேத் பட்டறையில் செய்து வாங்கிய பதிவில்லாத டிரெய்லர் ஒரு விபத்தில் உரிமையாளரை முழுதாகக் கைவிட்டுவிடும்.

நாஞ்சில் நாட்டுக்கே உரிய தடைகள் வேறு இருக்கின்றன. முதலாவது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது மிகப் பலமாக அடிக்கும். நாகர்கோவிலில் இருந்து காவல்கிணறு போய் நான்குவழிச் சாலையில் ஏறுகிறவர் அந்தப் பக்கக்காற்றை வாங்காமல் போக முடியாது. கொக்கி எடை சரியில்லாத டிரெய்லர் அங்கே பாம்புபோல் நெளியத் தொடங்கினால், பதறிப் பிரேக்கை மிதிப்பவர் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறார். காலை ஆக்ஸிலேட்டரில் இருந்து எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். நான்கு பக்கமும் மூடிய டிரெய்லர் தூசியில் இருந்து காரைக் காப்பது உண்மை. இந்தக் கணவாயில் அந்தப் பக்கச் சுவரே பாயாக மாறிக் காற்றை வாங்கும்.

இரண்டாவது, சாலையும் தெருவும். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று போகும் பழைய நெடுஞ்சாலை கடைகளும் வளைவுகளும் பேருந்துகளும் நெருங்கியது. மார்த்தாண்டம் மேம்பாலம் ஓரளவு உதவியிருக்கிறது என்றாலும், இழுவண்டியும் டிரெய்லருமாகப் பத்து மீட்டருக்கு நீளும் தொடரைக் குளக்கரைத் தெருவில் பின்னோக்கித் திருப்புவது பழகியவருக்கே வியர்வை. வீட்டில் அதை நிறுத்தி வைக்க இடமும் வேண்டும். மூன்றாவது, கடற்காற்றும் இரண்டு பருவ மழையும். ஆண்டில் பெரும்பகுதி சும்மா நிற்கும் டிரெய்லரின் பேரிங், பிரேக் கம்பி, வெல்டிங் மூட்டு எல்லாவற்றையும் உப்பு அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே நாஞ்சில் நாட்டுக்காரருக்கு நான் சொல்வது, பெரும்பாலும் இலங்கைக்காரர் செய்வதே: தளம் சரிந்து இறங்கும் ஃப்ளாட்பெட் வண்டியை வாடகைக்குப் பிடியுங்கள். டாடா, ஐஷர், அசோக் லேலண்ட் சாசிகளில் கட்டியவை நம் ஊரில் கிடைக்கின்றன. தேர்வு செய்யும்போது ஆர்சி புத்தகத்தில் மொத்த எடையில் இருந்து வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். மீதி உங்கள் காரின் எடையைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். மைனர் சுமார் 775 கிலோ, ஃபியட் 1100 ஏறக்குறைய 900. இவற்றுக்குச் சின்ன வண்டி போதும். பழைய அமெரிக்கக் கார்களில் இரண்டு டன்னை நெருங்குபவை உண்டு. அவற்றுக்குப் பெரிய சாசி வேண்டும். தளம் தரையைத் தொடும் கோணம் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. நீண்ட பின்புறம் கொண்ட கார்களில் சைலன்சரும் பெட்ரோல் டாங்கும் அங்கேதான் உரசும். திருவனந்தபுரம் போவதாக இருந்தால் அந்தச் சரக்கு வண்டிக்குக் கேரளப் பெர்மிட் உண்டா என்று களியக்காவிளைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாரியை மண்மேட்டில் ஒட்டி நிறுத்திப் பலகை போட்டுக் காரை ஏற்றும் பழைய முறையையும், கிரேனில் முன்சக்கரங்களைத் தூக்கி இழுப்பதையும் இனி விட்டுவிடலாம். பின்சக்கரங்களால் இயங்கும் பழைய காரை முன்னால் தூக்கி நெடுந்தூரம் இழுத்தால், எஞ்சின் ஓடாத நிலையில் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் தெறிக்காது. வெளியீட்டுத் தண்டு மட்டும் உலர்ந்தபடி சுற்றித் தேய்ந்துபோகும். வேறு வழியே இல்லையென்றால் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும். கயிறு கட்டி இழுப்பதற்கு 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளே எல்லை வகுத்திருந்தன: பழுதான வண்டியை அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரைதான், இடைவெளி 5 மீட்டருக்குள், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குள்.

ஏற்றிய பிறகு கட்டுவதில்தான் அக்கறை தெரியும். பம்பரிலோ உடலிலோ கொக்கி மாட்டக் கூடாது. நான்கு சக்கரங்களையும் ராட்செட் பெல்ட்டால் தளத்தோடு பிணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தால், காரின் பட்டை ஸ்பிரிங் தன் போக்கில் அசையும்; சாசிக்கு அதிர்ச்சி போகாது. கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பேட்டரி முனையைக் கழற்றி, பெட்ரோலைக் குறைத்து வையுங்கள். துணி உறை வேண்டாம்; காற்றில் படபடத்து அது பெயின்டைத் தேய்த்துவிடும். முதல் இருபது முப்பது கிலோமீட்டரில் நிறுத்திப் பெல்ட்டை மறுபடி முறுக்குங்கள். கணவாய்க்காற்றில் நுழைவதற்கு முன்பே இதை ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

காப்பீட்டை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். நம் நாட்டின் முழுக் காப்பீட்டுப் பாலிசி, கார் சாலையிலோ ரயிலிலோ ஏற்றிச் செல்லப்படும்போது நேரும் சேதத்தையும் அடக்கியது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது. ஐந்தாண்டைத் தாண்டிய காரின் மதிப்பு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. ஆகவே படங்களும் செலவு ரசீதுகளும் காட்டி உரிய தொகையை எழுத வையுங்கள். அதைச் செய்யாதவருக்கு, பல லட்சம் செலவழித்து உயிர்கொடுத்த கார் காகிதத்தில் பழைய இரும்பு விலைக்கே நிற்கும்.

இலங்கையிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஓட்டும் பழக்கம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாக வேலை செய்யும் கார்தான் ஃப்ளாட்பெட்டிலும் பத்திரமாக ஏறும், பத்திரமாக இறங்கும். வின்ச் கம்பி நழுவினால் கடைசியில் காப்பது காரின் சொந்தப் பிரேக்தான். ஓடாமலே நின்ற காரின் சக்கர சிலிண்டர் துருப்பிடித்திருக்கும், ரப்பர் வெடித்திருக்கும். ஏற்றிச் செல்வதைக் காரணமாக்கி ஓட்டுவதை நிறுத்தினால், ஏற்றுவதும் நாளடைவில் ஆபத்தாகிவிடும். வழக்கமான பதிவில் இருக்கும் காரை அவ்வப்போது சுசீந்திரம் வரைக்கோ கன்னியாகுமரி வரைக்கோ ஓட்டுங்கள். விஏ எண் பெற்றதானால், பராமரிப்புக்கும் எரிபொருளுக்கும் விதி விட்டிருக்கும் வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

முடிவாக, திருவனந்தபுரத்து 70 கிலோமீட்டருக்கு நல்ல நிலையில் உள்ள காரை ஓட்டியே போகலாம். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் ஃப்ளாட்பெட். ஆண்டில் பலமுறை போகிறவர், நிறுத்த இடம் உள்ளவர், கையேட்டில் இழுவை எண் கொண்ட கனமான வண்டி வைத்திருப்பவர் மட்டும் பிரேக் உள்ள, பதிவு செய்த, திறந்த இரட்டை அச்சு டிரெய்லரை நினைக்கட்டும். அவரும் ஆடிக்காற்று அடங்கிய பிறகே புறப்படட்டும். மற்றவர்கள் டிரெய்லருக்கு ஒதுக்கிய பணத்தை அந்தக் காரின் பிரேக்குக்கும் டயருக்கும் செலவிட்டால், அது எந்த முறையில் பயணம் போனாலும் பயன்படும்.