முரசும் முதற்பக்கமும்: பேரழிவு முன்னறிவிப்பு குறித்து ஓர் ஒப்பீடு

பேரழிவை முன்னுரைக்கும் கதைகள் இருவகைப்படும். ஒன்றில் முன்னுரை விதியாக நிற்கும். அதனை அறிந்தவராலும் ஆவது ஒன்றில்லை. மற்றதில் அது எச்சரிக்கையாக ஒலிக்கும். கேட்டவர் செயற்பட்டால் அழிவு விலகவும் கூடும். 1961இல் வெளிவந்த 'தி டே தி எர்த் காட் ஃபயர்' என்னும் பிரித்தானியத் திரைப்படம் இரண்டாம் வகையினது.

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே வேளையில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் பூமியின் அச்சுச் சாய்கிறது. பூமி தன் பாதை விலகிச் சூரியனை நோக்கி நகர்கிறது. இயக்குநர் வால் கெஸ்ட் இக்கதையைப் பெரும்பாலும் இலண்டன் ஃபிளீட் தெருவில், 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழின் செய்தியறையில் நிகழ்த்துகிறார். அவ்விதழின் முன்னாள் ஆசிரியர் ஆர்தர் கிறிஸ்டியான்சனே படத்திலும் ஆசிரியராக நடித்துள்ளார். தேம்சு நதி வறள்கிறது, தண்ணீர் பங்கிடப்படுகிறது. ஆயினும் படத்தின் விறுவிறுப்பு வெப்பத்தால் விளைவதன்று. அரசு அறிந்ததற்கும் மக்கள் அறிந்ததற்கும் இடையிலுள்ள தொலைவே அதனை விளைவிக்கிறது. வானிலை அலுவலகத்தில் பணிபுரியும் ஜீனி, தான் அறிந்த இரகசியத்தைச் செய்தியாளன் ஸ்டெனிங்கிடம் வெளியிடுவதே கதையின் திருப்பம்.

இவ்விரு வகைகளும் தமிழ்க் காப்பியங்களுக்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம், மதுரை இன்ன நாளில் எரியுண்ணும் என்ற பழைய உரை ஒன்று இருந்ததைக் கண்ணகிக்குக் கூறுகிறது. நகரம் எரிந்த பின்னரே அவ்வுரை நம் செவிக்கு எட்டுகிறது. ஆகவே அது எவரையும் காப்பதில்லை, துயருக்குக் காரணம் மட்டும் தருகிறது. மணிமேகலையில் நிலைமை வேறு. இந்திரவிழாவை மறந்தால் தீங்கு நேரும் என்பது முன்னரே எண்ணப்பட்டு, யானைப் பிடரியில் முரசேற்றி விழா நகரறிய அறையப்படுகிறது. பின்னர் மகனை இழந்த துயரில் மன்னன் விழாவை மறக்கவே புகாரைக் கடல் கொள்கிறது. அங்கே அழிவு நிபந்தனைக்கு உட்பட்டது, நிபந்தனையும் ஊரறிந்தது.

இவ்வேறுபாடு காப்பிய ஆய்வோடு முடிவதன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியதற்கும் ஈழத்தின் கிழக்குக் கரையையும் நாகப்பட்டினத்தையும் அலை தாக்கியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. இந்துமாக்கடலுக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. நான்காண்டுகளில் வெளிவந்த 'தசாவதாரம்' (2008) அவ்வலையைக் கதையின் முடிவாக்கியது. கொடிய கிருமியைக் கடலுப்பு அழிக்கிறது. கடலில் எறியப்பட்ட திருமேனி கரை சேர்கிறது. கடவுள் உண்டா என்ற வினாவைப் படம் திறந்தே வைத்தாலும், அலைக்கு ஒரு பயனைக் கற்பித்துவிடுகிறது. மதுராபதியின் உரைபோல அதுவும் பின்வந்த விளக்கமே. அந்த இரண்டு மணி நேரம் எவர் கையில் இருந்தது என்ற வினா திரைக்கு வரவேயில்லை.

வால் கெஸ்டின் படம் குறையற்றதன்று. குண்டால் வந்த கேட்டைக் குண்டாலேயே தீர்க்க முனையும் அதன் அறிவியல் நம்பத்தக்கதாக இல்லை. உண்மையைச் சொன்னதன் விலையை ஜீனி செலுத்த, செய்தியின் பெருமை ஆடவருக்கே சேர்கிறது. எனினும் இறுதிக் காட்சி இக்குறைகளைத் தாண்டி நிற்கிறது. உலகம் தப்பியது என ஒன்று, அழிந்தது என மற்றொன்று. இரண்டு முதற்பக்கங்கள் அச்சேறக் காத்திருக்கின்றன. எது வெளிவரும் என்பதைப் படம் சொல்வதில்லை. ஆனால் எதுவாயினும் அது வாசகருக்கு மறைக்கப்படாது என்பதில் அதற்கு ஐயமில்லை. புகாரின் முரசுக்கும் அதுவே பணி. கடல்கோளைப் பாடிய மொழியில் இனி எழும் பேரழிவுப் புனைவுகள், அலை ஏன் வந்தது என்பதோடு, அதனை முன்னறிந்தவர் யார், எவருக்குச் சொன்னார் என்பதையும் கேட்க வேண்டும்.