பட்டன், பட்டன், பட்டன்

தீபாவளிக்கு முன்பிருந்தே இந்த பஸ் டிக்கெட் ஆப்பைத்தான் பயன்படுத்தி வருகிறேன். பெயர் வேண்டாம். ஆண்ட்ராய்டு போன், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக், சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடும் ஸ்லீப்பர் பஸ்கள். எத்தனை ஆபரேட்டர்கள், என்ன கேஷ்பேக், கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே அத்துப்படி. நான் பேச வந்தது ஒரே ஒரு திரையைப் பற்றி. சீட் தேர்வு செய்யும் திரை.

அதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முகப்பு பிரமாதம். புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி எல்லாம் தங்கள் பெயரைத் தெளிவாகச் சொல்கின்றன. தேடல் முடிவில் விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ள, ஒவ்வொரு பஸ்ஸும் ஆபரேட்டர், கிளம்பும் நேரம், ஏசியா இல்லையா, கட்டணம் என்று ஒரே மூச்சில் வாசிக்கப்படுகிறது. இந்த ஒரே மூச்சு லேசுப்பட்ட விஷயமில்லை. பல ஆப்களில் இவை தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கும். நட்சத்திரக் குறியில் தொடங்கித் தண்ணீர் பாட்டில் படம்வரை நின்று நின்று போனால்தான் அடுத்த பஸ் வரும். இங்கே யாரோ ஒரு புரோகிராமர் கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பார்த்திருக்கிறார். காலண்டர் மட்டும் "12", "13" என்று வெறும் எண்ணைச் சொல்கிறது. எந்த மாதத்து 12 என்று அறிய மேலே போய்த் தடவ வேண்டும். பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸை இருமுறை தட்டியதும் சீட் படம் வருகிறது. வருகிறதாம். எனக்குக் கேட்பது இதுதான்: "பட்டன். பட்டன். பட்டன்." முப்பது சொச்சம் பட்டன்கள். எது காலி, எது போய்விட்டது, எது கீழ் பெர்த், எது மேலே, ஒற்றைப் பெர்த் வரிசை எந்தப் பக்கம், ஒரு சொல் கிடையாது. அத்தனையும் படத்தில், இடமாகவும் நிறமாகவும் இருக்கிறது. பெயரில்லாத பட்டனுக்கு நாமே பெயர் சூட்டும் வசதி டாக்பேக்கில் உண்டு. பஸ்ஸுக்கு பஸ் மாறும் சீட்டுக்கு எந்தப் பெயரைச் சூட்டுவது?

நிறம் என்றதும் பெண்களுக்கான சீட்டைச் சொல்ல வேண்டும். அது இளஞ்சிவப்பில் இருக்குமாம். குருட்டாம்போக்கில் (நான் சொல்லலாம்) ஒரு பட்டனைத் தட்டி, பெயர், வயது, பாலினம் நிரப்பி, 'தொடரவும்' அழுத்துவேன். ஒன்றும் நடக்காது. மறுபடி அழுத்துவேன். நெட் போய்விட்டதோ என்று பார்ப்பேன். விஷயம் என்னவென்றால், இந்த சீட் பெண்களுக்கு மட்டும் என்று திரையில் சிவப்பெழுத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். வந்ததை அறிவிக்கும்படி டாக்பேக்கிடம் ஆப் சொல்லவில்லை. அதை விரலால் துழாவிக் கண்டுபிடித்துத் திரும்பி வருவதற்குள், பொங்கல் சமயமாக இருந்தால், பஸ்ஸே நிரம்பிவிடும்.

இணைய அணுகலுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறைகள், 1999-ல் முதல் பதிப்பு வந்தபோதே, நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லாதே என்றன. நம் நாட்டுக்கென்றே ஐ.எஸ். 17802 என்ற தரநிலை இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணுகலுக்குத் தனிப் பிரிவே உண்டு. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் கே.ஒய்.சி. முறையை எதிர்த்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று சொல்லிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு என் போன் சொல்கிறது: "பட்டன்."

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் கேட்டார்: "வீட்ல யாரையாவது போட்டுத் தரச் சொல்லலாமே சார்?"

"வீட்ல எல்லாரும் தூங்குறாங்கம்மா."

"அப்போ ஏதாவது ஒரு சீட்டை செலக்ட் பண்ணிடுங்க சார். எல்லாம் ஒரே மாதிரி பெர்த்துதான்."

ஒரே மாதிரி இல்லை என்பதுதான் என் வழக்கு. எந்த சீட் என்ற கேள்வி மற்றவர்களுக்கு வசதி சம்பந்தப்பட்டது. எனக்கு அது வழி. பஸ்ஸில் ஏறி, டிரைவர் கேபின் தடுப்பைத் தாண்டியதும், பெர்த்துக்கும் பெர்த்துக்கும் நடுவில் நிற்கும் கம்பிகளைக் கையால் தொட்டு எண்ணிக்கொண்டே நடப்பேன். ஒற்றை வரிசையில் மூன்றாவது, கீழே என்று தெரிந்திருந்தால், கம்பியை எண்ணி, திரைச்சீலையை விலக்கி, யாரையும் கேட்காமல் படுத்துவிடலாம். பெர்த் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் என் விரலுக்கு வழவழப்பான ஒரு துண்டு பிளாஸ்டிக், அவ்வளவுதான். எண் தெரிந்து இடம் தெரியாவிட்டால் கிளீனர் தம்பியைத் தேட வேண்டும். அந்த நேரத்தில் அவர் டிக்கியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பார். மேல் பெர்த் என்றால் இன்னும் சங்கடம். மடிக்காத வெள்ளைக் கோலை எங்கே வைப்பது? நள்ளிரவில் ஹோட்டலில் நிறுத்தும்போது, கீழே படுத்திருப்பவர் விரலை மிதிக்காமல் எப்படி இறங்குவது?

இடையில் ஓர் அப்டேட் வந்தது. வழக்கம்போல் சீட் திரைக்குப் போய் விரலை வைத்தேன். "எல் 5, கீழ் பெர்த், ஒற்றை, ஜன்னல், காலி, 1,150 ரூபாய்." ஆங்கிலக் குரல், வேகமாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல். அடுத்ததைத் தொட்டேன். "எல் 6, விற்றுவிட்டது." ஊருக்குப் போகும் வேலையே இல்லாமல், சில நாட்கள் பஸ் பஸ்ஸாகத் திறந்து பெர்த் பெர்த்தாகத் தடவிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர், நாகர்கோவில், எனக்கு ஜென்மத்திலும் வேலையில்லாத ஹைதராபாத் வரை.

பிறகு இன்னோர் அப்டேட். புதிய வடிவமைப்பு என்று நோட்டிபிகேஷன் பெருமைப்பட்டுக்கொண்டது. சீட் திரைக்குப் போனால், "பட்டன்."

இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் 'கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்' என்று ஒரு வரி எழுதலாம். டாக்பேக் வாசிப்பது அதைத்தான். பெர்த் எண், கட்டணம், காலியா இல்லையா எல்லாம் சர்வரிலிருந்து ஏற்கெனவே எழுத்தாகத்தான் வருகின்றன. அவற்றைக் கோத்து அந்த வரியில் போட்டால் போதும். மொத்த பஸ்ஸையும் ஒரே படமாக வரைந்திருந்தால் வேலை சற்றுக் கூடும், அதற்கும் ஆண்ட்ராய்டில் வழி இருக்கிறது. சிக்கல் வேறெங்கோ. திரையை மறுபடி வரைபவர் பழைய வரிகளைக் கொண்டுவருவதில்லை. வெளியிடும் முன் சோதிப்பவரின் பட்டியலிலும் டாக்பேக் இருப்பதில்லை. அக்கறையுள்ள ஒரு புரோகிராமர் எழுதியது, அவர் வேறு கம்பெனிக்குப் போனதும் அழிந்துவிடுகிறது என்பது என் ஊகம்.

ரயில் டிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஐ.ஆர்.சி.டி.சி.யில் சாதாரண முன்பதிவுக்குப் பெட்டியின் படமே கிடையாது. லோயர், மிடில், அப்பர், சைடு லோயர், சைடு அப்பர் என்று ஒரு பட்டியல், அதில் ஒன்றைச் சொன்னால் ஆயிற்று. கேட்டது கிடைக்குமா என்பது வேறு கதை, கேட்கவாவது முடிகிறது. பஸ் ஆப்காரர்களும் படத்துக்குப் பக்கத்தில் 'பட்டியலாகக் காட்டு' என்று ஒரு பட்டன் வைக்கலாம். கீழ் பெர்த், ஒற்றை, முன்பக்கம் என்று சலித்தெடுத்து, மிச்சமிருப்பதை வரிசையாகச் சொன்னால் போதும். நடுங்கும் விரலால் குட்டிக் கட்டங்களைக் குறிபார்க்கும் எங்கள் மாமாவும் அதைத்தான் பயன்படுத்துவார், அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும்.

பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் மேப்பும் பேசாது. அதற்குத் தீர்வு கைவசம் இருக்கிறது: டிரைவருக்குப் போன் செய்து, "அண்ணே, பெருங்களத்தூர் வந்தாச்சா?"

போன வாரம் வந்த பதிப்பில் கீழ்த்தளம் மீண்டும் பேசத் தொடங்கியிருக்கிறது. மேல்தளத்துக்கு மாறினால் பழையபடி பட்டன்கள்தான். எனக்குத் தேவை கீழ் பெர்த், ஆகவே ஆப்பை அழிக்கவில்லை. ஐந்துக்கு இரண்டரை தருகிறேன், அதுவும் முகப்பை எழுதிய அந்த முகம் தெரியாத புரோகிராமருக்காக. நீங்களும் டாக்பேக் வைத்திருப்பவர் என்றால், பிளே ஸ்டோரில் இந்த ஆப்புக்கு ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவையுங்கள்.