ஒரு துளை பதம்

கிரானைட் பாறை கணக்குத் தப்பாமல் பதில் சொல்லும் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பு நம்பியிருக்க மாட்டேன். இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

ஸ்டாக்ஹோம் புறநகரில் ஒரு குடியிருப்பு. நிலத்தடி வெப்பத்தை எடுத்து வீடுகளைச் சூடாக்கும் ஹீட் பம்புக்காக 200 மீட்டர் ஆழத்தில் 20 துளைகள் போடத் திட்டம். பாறை வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டால் வீண் துளைகள். கூட்டி மதிப்பிட்டால் ஆண்டுக்காண்டு நிலம் குளிர்ந்து பம்ப் திணறும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? ஒரே ஒரு துளையைப் போட்டுச் சோதித்தோம்.

கொண்டை ஊசிபோல் வளைந்த பிளாஸ்டிக் குழாயைத் துளைக்குள் இறக்கி, முதலில் சூடேற்றாமலே தண்ணீரைச் சுற்றவிட்டோம். நிலத்தின் இயல்பு வெப்பநிலை எட்டரை டிகிரி. பிறகு 12 கிலோவாட் ஹீட்டர். மீட்டருக்கு 60 வாட். வெயில் பட்டால் அளவு அலைபாயும் என்பதால் வெளியே தெரியும் குழாய்களை நன்றாகப் போர்த்தி, போகும் நீர், திரும்பும் நீர் இரண்டின் வெப்பநிலையையும் 60 மணி நேரம் விடாமல் பதிந்தோம்.

முதல் 10 மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது துளையிலும் குழாயிலும் உள்ள நீர் சூடாகும் நேரம். அதற்குப் பிறகு வருவதுதான் பாறையின் பதில். 12ஆம் மணியிலிருந்து 24ஆம் மணிக்குள் ஒரு டிகிரி ஏறியது. அடுத்த டிகிரிக்கு 48ஆம் மணிவரை காத்திருந்தோம். நேரம் இரட்டிக்கும்போதெல்லாம் அதே ஒரு டிகிரி! நேரத்தின் மடக்கையை வைத்து வரைந்தால் நூல் பிடித்தாற்போல நேர்கோடு. அதன் சாய்வு குறையக் குறையப் பாறை நல்ல கடத்தி என்று பொருள். எங்கள் விடை: ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 3.3 வாட். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1983இல் இதே ஸ்டாக்ஹோமில் நடந்த மாநாட்டில் பால்னே மொகென்சன் முன்வைத்த யோசனை இது. 1990களின் நடுவில் லூலியோ பல்கலைக்கழகத்தார் சோதனைக் கருவியை இழுவண்டியில் ஏற்றித் துளை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனார்கள். அந்தக் கைகளுக்கெல்லாம் என் கும்பிடு!

கடைசியில் 18 துளைகளே போதுமென்றானது. சோதித்த துளையும் வீண்போகவில்லை. பனி கொட்டும் இரவுகளில் அந்த வீடுகளைச் சூடாக்கும் பதினெட்டில் முதலாவது அதுதான்.