வீட்டு உறுதியும் மூடிய வாய்களும்: ‘வீ வேர் லயர்ஸ்’ நாவலை முன்வைத்து

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என் மேசையில் ஓர் ஆங்கில நாவலை வைத்துவிட்டு, “முடிவ யாருக்கும் சொல்லிராதீங்க டீச்சர்” என்றாள். ஈ. லொக்ஹார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ‘வீ வேர் லயர்ஸ்’, 2014இல் வெளிவந்தது. நானும் முடிவைச் சொல்லப்போவதில்லை. நாவலின் பலம் வேறிடத்தில் இருக்கிறது.

மசசூசெற்ஸ் கரைக்கு அப்பால் சின்க்ளெயர் குடும்பத்துக்கென்று ஒரு தனித் தீவு. கோடை விடுமுறைக்கு அங்கே கூடும் கேடன்ஸ், மிரன், ஜொனி மூவரும் பேரப்பிள்ளைகள். நாலாவது சிநேகிதன் கெற், இந்திய வம்சாவளிப் பையன். பதினைந்து வயதில் கேடன்ஸுக்கு ஏதோ நேர்ந்து நினைவு தப்பிவிடுகிறது. பதினேழில் திரும்பி வந்து, “எனக்கு என்ன நடந்தது?” என்று கேட்கிறாள். ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மர்மம் இங்கே தொடங்கினாலும் அதன் வேர் வீடுகளில் இருக்கிறது. தாத்தா ஹரிஸ் மூன்று மகள்மாருக்கும் தீவில் தனித்தனி வீடு கட்டியிருக்கிறார். கிழக்கிலங்கையில் பிறந்த எனக்கு இது புதிதாகப்படவில்லை. எங்கட ஊர் வாப்பாமாரும் மகள்மாருக்கு வீடு கட்டத்தானே உழைத்துத் தேய்கிறார்கள்! ஆனால் இங்கே கலியாணத்தோடு உறுதி மகளின் பெயருக்கு வந்துவிடும். ஹரிஸ் சொத்தைக் கைவிடுவதில்லை. யாருக்கு எது என்று சொல்லாமல் மகள்மாரை மோதவிட்டுப் பார்க்கிறார். தாய்மார் பிள்ளைகளைத் தாத்தாவிடம் தூது விடுகிறார்கள். இடையிடையே கேடன்ஸ் சொல்லும் அரசனும் மூன்று மகள்மாரும் கதைகள் ‘லியர் அரசன்’ நாடகத்தை நினைவூட்டுகின்றன. நேரே சொல்ல முடியாததை அவள் அப்படிச் சொல்லிப் பார்க்கிறாள்.

குறைகளும் உண்டு. வசனங்களை உடைத்துக் கவிதைபோல் அடுக்கும் உத்தி, தலைவலியின் வேதனையைச் சொல்லுமிடங்களில் பொருந்துகிறது. மற்ற இடங்களில் சலிப்புத் தட்டுகிறது. அதைவிடப் பெரிய குறை கெற். தாத்தா தன்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை என்று கவனிப்பவன் அவன். அந்தக் குடும்பத்தின் அநீதியைக் கண்டு சொல்பவனும் அவன்தான். ஆனால் நியூயோர்க்கில் அவன் வாழும் வாழ்க்கை நமக்குக் காட்டப்படுவதேயில்லை. கேடன்ஸின் கண்ணைத் திறப்பதற்கே அவன் பயன்படுகிறான். தாத்தா பார்க்கத் தவறிய பிள்ளையை நாவலும் பாதிதான் பார்த்திருக்கிறது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது என்ன பிடித்தது என்று கேட்டேன். முடிவைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன்.

“எங்கட உம்மாவும் சாச்சியும் ஆறு வருசமாக் கதைக்கிறதில்ல டீச்சர். வளவுப் பிரச்சினையாம். சாச்சிட மகளும் நானும் ஸ்கூல்ல மட்டும்தான் கூட்டு. வீட்டுல அவட பேரையே எடுக்கிறதில்ல” என்றாள்.

தன் வீட்டுக் கதையை அவள் ஒரு அமெரிக்கத் தீவில் போய்க் கண்டிருக்கிறாள். மர்ம நாவல்தானே என்று நாங்கள் இவ்வகை எழுத்தை ஒதுக்கிவிடுகிறோம். வளவுச் சண்டையையும் அதற்குள் ஒளித்து வளர்க்கப்படும் சிநேகிதத்தையும், பதினேழு வயதுப் பிள்ளை இரவிரவாக விழித்திருந்து வாசிக்கும்படி எங்கட தமிழிலும் யாராவது எழுதவேண்டும்.